கூலிங் வேலைக்குப் பிறகு ஹீட்டர் சரியில்லையா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ரேடியேட்டர் புதுசு, வாட்டர் பம்ப் புதுசு, ஹோஸ்களும் மாற்றியாயிற்று. பில்லைக் கட்டிச் சாவியை வாங்கும்போது ஹீட்டரைப் போட்டுப் பார்க்கிறவர்கள் நம் பக்கத்தில் ரொம்பக் குறைவு. கேட்டால், "இன்னா சார், மெட்ராஸ்ல எவன் ஹீட்டர் போடறான்?" என்று பட்டறையிலேயே சிரிப்பார்கள். மே மாதம் தண்டையார்பேட்டையிலும் மூலக்கடையிலும் வண்டி ஓட்டுகிறவருக்கு அது நியாயமான கேள்விதான்.

ஆனால் ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினைச் சுற்றி வரும் அதே கூலன்ட்தான் அதற்குள்ளும் ஓடுகிறது. பல வண்டிகளில் அது உயரமான இடத்தில் இருக்கிறது, உள்ளே இருக்கும் குழாய்களும் ஒல்லி. அதனால் காற்று நின்றாலும், தண்ணீர் குறைந்தாலும், துரு வந்து அடைத்தாலும் முதலில் அங்கேதான் தெரியும். டெம்பரேச்சர் மீட்டரின் முள் ஏறுவதற்கு முன்பே ஹீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். கூலிங் வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க இதைவிட மலிவான சோதனை கிடையாது. வண்டியை எடுக்கும் அன்றே, பட்டறை வாசலிலேயே பார்த்துவிட வேண்டும்.

தேவையே படாது என்பதும் முழு உண்மையில்லை. மார்கழியில் விடியற்காலையில் திருப்பதி மலை ஏறுகிறவர்களையும் ஏற்காடு, ஊட்டி போகிறவர்களையும் கேட்டுப் பாருங்கள். நவம்பர் மழையில் முன்கண்ணாடி உள்பக்கம் மூடிக்கொள்ளும்போதும், ஏசியோடு கொஞ்சம் சூட்டைச் சேர்த்துக் கண்ணாடிக்கு விட்டால்தான் சீக்கிரம் தெளியும்.

கை வைக்கும் முன்

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அழுத்தத்தில் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும், மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து முகத்துக்கு வரும். மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும் வரை, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும் வரை காத்திருங்கள். இன்னொன்று, எலெக்ட்ரிக் ஃபேன் சில வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் திடீரென்று சுற்றும். லுங்கி முனை, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு எல்லாம் தள்ளியே இருக்கட்டும்.

சோதனையைக் காலையில் செய்யுங்கள். நம் ஊரில் இதற்கு ஒரு காரணம் உண்டு. மதியம் வெளிக்காற்றே 38, 40 டிகிரி இருக்கும்போது, செத்துப்போன ஹீட்டரும் வேலை செய்வதுபோலத் தோன்றும். கால் மணி நேரம் ஓட்டி, முள் வழக்கமான இடத்துக்கு வந்த பிறகு ஏசியை அணைத்து, பிளோயரைக் குறைத்து வைத்து, ஹீட்டர் திருகை முதலில் முழுக் குளிர்ச்சிக்கும் பிறகு முழுச் சூட்டுக்கும் கொண்டுபோங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரிய வேண்டும். சூட்டுப் பக்கத்தில் நடு வென்டின் முன் வைத்த கையைக் கொஞ்ச நேரத்தில் இழுத்துக்கொள்ளத் தோன்ற வேண்டும். வெதுவெதுப்பு என்றால் அது தேறவில்லை.

அடுத்து பானெட்டைத் திறந்து, எஞ்சின் அறையிலிருந்து பின்பக்கத் தகட்டைத் துளைத்து உள்ளே போகும் இரண்டு ஒல்லி ஹோஸ்களைக் கண்டுபிடியுங்கள். ஒன்று ஹீட்டருக்குப் போவது, இன்னொன்று திரும்பி வருவது. அந்த இரண்டின் சூடும்தான் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். வெப்பநிலை காட்டும் துப்பாக்கி இருந்தால் நல்லது. கொரோனா காலத்தில் நெற்றியில் வைத்துப் பார்த்தார்களே, அது உதவாது. உடம்புச் சூட்டை ஒட்டிய அளவைத் தாண்டினால் அது காட்டாது. பட்டறைக்கென்று விற்பது வேறு. இல்லையென்றால் கையே போதும், தொட்டதும் எடுத்துவிட வேண்டும், பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

முள் சரியாக நிற்கிறது, காற்று மட்டும் குளிர்ச்சி, டாஷ்போர்டில் களகளவென்று சத்தம்

வேலை முடிந்த கையோடு வரும் புகார்களில் அதிகம் இதுதான். ஏர் பிடித்திருக்கிறது. கூலன்டை முழுதாக இறக்கிவிட்டு மறுபடி ஊற்றும்போது உள்ளே இருந்த காற்று ஹீட்டர் பக்கம் போய் நின்றுவிட்டது. வண்டியைக் கிளப்பும்போதும் ரேஸ் கொடுக்கும்போதும் காலடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் பட்டறையில் ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள்? சின்ன கார்களுக்கு நாலு, ஐந்து லிட்டர் பிடிக்கும். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கிறது. இறக்கும்போது எஞ்சின் பிளாக்கில் கொஞ்சம் தங்கிவிடும் என்பதால் முழு அளவும் உள்ளே போகாது. ஆனால் ஐந்து பிடிக்கும் வண்டியில் இரண்டரைதான் போனது என்றால் மீதி இடத்தில் பெரும்பகுதி காற்று.

இங்கே ஒரு ஏமாற்று வேலையும் நடக்கும். வண்டிகள் இரண்டு வகை. ஒன்றில் ரேடியேட்டரின் தலையிலேயே மூடி இருக்கும், பக்கத்து பிளாஸ்டிக் பாட்டில் வெறும் உபரிக்கு. இன்னொன்றில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, அழுத்தம் தாங்கும் டாங்கில்தான் ஊற்ற வேண்டும். முதல் வகையில் பாட்டிலை மட்டும் நிரப்பிவிட்டு, "லெவல் ஃபுல்லா இருக்குது பாருண்ணே" என்று காட்டுவார்கள். பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் பாதி காலியாக இருக்கும். ஆறிய பிறகு மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் உண்மை தெரியும்.

காற்றை வெளியேற்றுவது பொறுமை சம்பந்தப்பட்ட வேலை. வண்டியின் மூக்கு மேலே தூக்கி இருந்தால் ஊற்றும் வாய் உயர்ந்துகொள்ளும், காற்று அந்தப் பக்கம் நகரும். வடசென்னையில் மேடு என்றால் பாலத்தின் ஏற்றம்தான், அங்கே போய் பானெட்டைத் திறந்து வைக்க முடியாது. பட்டறையில் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, ஹீட்டர் திருகை முழுச் சூட்டில் வைக்க வேண்டும். பழைய வண்டிகளில் ஹீட்டர் வால்வு திறப்பதே இதனால்தான், மூடிய வால்வுக்குப் பின்னால் இருக்கும் காற்று எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் வெளியே வராது. ஹீட்டர் ஹோஸிலோ தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டர் வழியை மூடி வைக்கும் வால்வு) உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கிலோ காற்று விடும் திருகு இருந்தால் அதைத் தளர்த்திவிட்டு, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும் வரை மெதுவாக ஊற்றி, மூடுங்கள். அவசரமாக ஊற்றினால் ஊற்றுவதே காற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

பிறகு எஞ்சினை ஐடிலில் விடுங்கள். சூடாவதற்கு முன், மேல் ஹோஸை நாலைந்து முறை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், கொஞ்சம் ஊற்ற வேண்டும். தெர்மோஸ்டாட் திறப்பது பல வண்டிகளில் 82 முதல் 88 டிகிரியில். திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், பயப்பட வேண்டாம், அதுதான் வேண்டும். நிரப்பி மூடியைப் போட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விடுங்கள். அணைத்து, முழுதாக ஆறவிட்டு, மறுபடி மட்டம் பாருங்கள். கொஞ்சம் குறைந்திருக்கும். அடுத்த சில நாட்களுக்குக் காலையில் வண்டி எடுக்கும் முன் மட்டம் பார்ப்பது நல்லது. பெரிய பட்டறைகளில் முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கூலன்டை இழுக்கும் கருவி வைத்திருக்கிறார்கள், அதில் இந்தப் பாடே இல்லை. ஹைப்ரிட் வண்டிகளில் எலெக்ட்ரிக் பம்பை ஸ்கேனர் வழியாக ஓட்டித்தான் காற்றை எடுக்க வேண்டிவரும், அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ரேஸ் கொடுத்தால் சூடு, சிக்னலில் நின்றால் குளிர்ச்சி

ஐடிலில் ஹீட்டர் வரை தண்ணீரைத் தள்ள பம்புக்குப் போதவில்லை. மட்டம் குறைவா, காற்று மிச்சமா என்று மேலே சொன்னபடி முதலில் பாருங்கள். அது சரி என்றால் பம்ப். புதுசு என்பதால் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளே சுற்றும் விசிறி தண்டில் பிடிமானம் இல்லாமல் நழுவும் மலிவு பம்புகள் உண்டு. பெல்ட் சரியாக இழுபடாமல் இருந்தாலும் இதே அறிகுறி, அதோடு காலையில் கீச்சென்று சத்தம் வரும்.

ஊருக்குள் ஓரளவு சூடு, ஹைவே ஏறினால் ஆறிப்போகிறது

மாதவரம் தாண்டி ஜிஎன்டி ரோட்டில் வேகம் எடுத்ததும் மீட்டர் முள்ளும் கீழே இறங்குகிறதா? தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் முதல் சாத்தியம்தான் அதிகம். "தெர்மோஸ்டாட்டைத் தூக்கிட்டேன் சார், இனிமே ஹீட்டே ஆகாது" என்பதை ஒரு நல்ல செய்தியாகவே சொல்வார்கள். சென்னை வெயிலுக்கு அது தேவையில்லை என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது.

இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. எஞ்சின் தன் வேலைச்சூட்டுக்கு வராவிட்டால் கம்ப்யூட்டர் குளிர் எஞ்சின் என்றே நினைத்து பெட்ரோலைக் கூடுதலாக விடும். மைலேஜ் குறையும், எஞ்சின் ஆயிலில் ஈரம் தங்கும், தேய்மானம் கூடும். ஸ்கேனர் போட்டால் பி0128 என்ற கோடு காட்டலாம், எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவில்லை என்பதுதான் அதன் பொருள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்கு வழியை அது மூடும். தூக்கி எறிந்துவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும், கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவரும். ஹைவேயில் ஆறிப்போகும் அதே வண்டி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டும்போது சூடேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புது தெர்மோஸ்டாட் வாங்கினால் போடும் முன் வீட்டிலேயே சோதிக்கலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். கொதிப்பதற்குக் கொஞ்சம் முன்பே வாய் திறக்க வேண்டும், ஆறும்போது மூட வேண்டும். அந்தப் பாத்திரத்தை அப்புறம் சமையலுக்கு எடுக்காதீர்கள். போடும்போது அதில் ஆடும் சின்னப் பின் இருந்தால், கையேட்டில் வேறு மாதிரி சொல்லாத வரை, அது மேல்பக்கம் வரட்டும். காற்று வெளியேறுவதற்கான துவாரம் அது.

இரண்டு ஹோஸும் நல்ல சூடு, காற்று மட்டும் வரவில்லை

கூலிங் வேலையில் குறை இல்லை. டாஷ்போர்டுக்குள் சூட்டுக் காற்றையும் குளிர்ந்த காற்றையும் பிரிக்கும் கதவு நகரவில்லை. கேபிள் கழன்றிருக்கலாம், சின்ன மோட்டார் செத்திருக்கலாம். திருகைத் திருப்பும்போது உள்ளே டக் டக் என்று சத்தம் வந்தால் மோட்டாரின் பல் உடைந்திருக்கிறது. ரேடியேட்டர் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம்.

இரண்டு ஹோஸும் பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ச்சி

காற்று எடுத்த பிறகும் இப்படி என்றால், ஹோஸ்களைக் கண்ணால் தொடர்ந்து போங்கள். எங்காவது ஒரு வளைந்த குழாயைக் கொடுத்து இரண்டையும் சேர்த்துவிட்டிருப்பார்கள். ஹீட்டர் எப்போதோ ஒழுகியிருக்கும், டாஷ்போர்டை முழுதாகக் கழற்றும் செலவுக்குப் பயந்து பைபாஸ் போட்டிருப்பார்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் இதைத் தெரியாமலே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். தற்காலிகமாக இது தப்பில்லை. ஆனால் சேர்த்துவிட வேண்டுமே தவிர, இரண்டு முனையிலும் கட்டை அடித்து அடைக்கக் கூடாது. சில எஞ்சின்களில் ஹீட்டர் வழியாக வரும் தண்ணீர்தான் தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டைக் கொண்டுவருகிறது. பைபாஸ் இல்லாமலே இரண்டும் குளிர்ந்திருந்தால் ஹீட்டர் வால்வின் கேபிளைப் பாருங்கள், வேலை செய்யும்போது கழற்றி மாட்ட மறந்திருப்பார்கள்.

போகும் ஹோஸ் சூடு, வரும் ஹோஸ் வெதுவெதுப்பு

ஹீட்டர் கோர், அதாவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் அந்தக் குட்டி ரேடியேட்டர், அடைத்திருக்கிறது. வடசென்னையில் இதற்குப் பெரிய காரணம் தண்ணீர். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்த போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது, அதைப் பட்டறை டிரம்மிலிருந்து மொண்டு ரேடியேட்டரில் ஊற்றினால் என்ன ஆகும்? கடினத்தன்மை சூடான இடங்களில் சுண்ணாம்புப் படிவாக ஒட்டும், உப்பு அலுமினியத்தை அரித்து ஊசித்துளை போடும். அரிக்கப்பட்ட தூளும் படிவும் போய்ச் சேருவது ஒல்லியான ஹீட்டர் குழாய்களில். புது ரேடியேட்டர் போட்டு, பழைய சேறு எஞ்சினிலேயே இருந்தால், அதுவும் கிளம்பி அங்கேதான் போகும்.

ஒழுகலை அடைக்க ஊற்றும் மருந்துகளும் இதே வேலையைச் செய்யும். அந்தக் காலத்து லாரி வைத்தியமான மஞ்சள்தூளும் அப்படித்தான். ஓட்டை எது, ஒல்லிக் குழாய் எது என்று அவற்றுக்குத் தெரியாது. இரண்டு வகைக் கூலன்டைக் கலந்தாலும் சில சமயம் கொழகொழவென்று திரண்டுவிடும். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை நம்பாதீர்கள், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான நிற விதி கிடையாது. டப்பாவின் மேல் இருக்கும் தரக்குறியீடு உங்கள் கையேட்டில் சொன்னதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கழுவுவதற்கு, இரண்டு ஹோஸையும் கழற்றி, வெளியே வரும் பக்கத்திலிருந்து தண்ணீரைத் தலைகீழாக விட வேண்டும். சாதாரணக் குழாய் வேகம் போதும். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் பழைய கோர் வெடித்துவிடும், அப்புறம் டாஷ்போர்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பழுப்பு நிறம் போய்த் தெளிவாக வரும் வரை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி விடுங்கள். கடைசியாக அலசவும் கூலன்டில் கலக்கவும் டிஸ்டில்டு வாட்டர், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்தான் சரி. பேட்டரி ஆசிட் டப்பாவை மாற்றி எடுத்துவிடாதீர்கள். ரெடிமிக்ஸ் கூலன்ட் என்றால் தண்ணீரே சேர்க்கக் கூடாது. நம் ஊரில் தண்ணீர் உறையாது, பிறகு கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருவைத் தடுப்பதற்கும் கொதிநிலையை உயர்த்துவதற்கும்.

ஹீட்டர் குளிர்ச்சி, முள் மேலே ஏறுகிறது

ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். ஹீட்டருக்குத் தண்ணீர் வரவில்லை, எஞ்சினுக்கும் போதவில்லை என்று பொருள். தண்ணீர் அறவே இல்லாமல் சென்சார் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தால் முள் சரியாகக்கூடக் காட்டாது. ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்பட வேண்டாம். நெரிசலில் ஹீட்டர் நல்ல சூடாக இருந்து முள் மட்டும் ஏறுகிறது என்றால் கதை வேறு. ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரையும் பிளோயரையும் முழுதாகப் போட்டால் கொஞ்சம் சூடு கேபின் வழியாக இறங்கும். வியர்த்து ஊற்றும், ஆனால் ஓரம் கட்ட இடம் கிடைக்கும் வரை எஞ்சின் ஹெட் தப்பிக்கும்.

எத்தனை முறை காற்று எடுத்தாலும் மறுபடி வருகிறதா? அந்தக் காற்று உள்ளேயே உற்பத்தியாகிறது. ஆறிய எஞ்சினைக் கிளப்பிய உடனே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது, ஊற்றும் வாயில் குமிழி நிற்காமல் வருவது, வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் அடியில் பால்டீ நிறத்தில் பிசுக்கு: எல்லாம் எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருப்பதைக் காட்டுபவை. நீல நிறத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் கருவி இருக்கிறது, எஞ்சினில் எரிந்த புகை கலந்தால் நிறம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றும் முன் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

கால் பக்கம் ஈரம்

நம் ஊரில் பெரும்பாலும் இது ஏசி தண்ணீர், டிரெயின் குழாய் அடைத்திருக்கும். வெள்ளை டிஷ்யூவை வைத்து ஒற்றிப் பாருங்கள். நிறமோ மணமோ வழுவழுப்போ இல்லையென்றால் ஏசி. நிறம் ஒட்டி, இனிப்பு வாடை அடித்து, கண்ணாடியில் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப்படலம் வந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. கூலன்ட் விஷம், ருசி இனிப்பு. இறக்கிய கூலன்டைத் தெருவோரம் தேங்கவிடாதீர்கள், நாய் நக்கும்.

ரேடியேட்டர் வேலைக்குப் பிறகு ஏசி கூல் ஆகவில்லை

ஹீட்டர் கோளாறு நம் ஊரில் இந்த வேஷத்தில்தான் அதிகம் வரும். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று யாரும் வருவதில்லை, ஏசியில் அனல் அடிக்கிறது என்றுதான் வருவார்கள். முதலில் ஃபேன் கனெக்டர் மாட்டியிருக்கிறதா, ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிறகு ஹீட்டருக்குப் போகும் ஹோஸை அதற்கான கிளாம்ப் பிளேயரால் மெதுவாக நெருக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். பழைய, வெடித்த ஹோஸ் என்றால் இதைச் செய்ய வேண்டாம், அறுந்துவிடும். நெருக்கியதும் ஏசி கூல் ஆனால், கதவோ வால்வோ முழுதாக மூடவில்லை, சூடு கலந்துகொண்டிருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் ரேடியேட்டரைக் கழற்றும்போது அதன் முன்னால் இருக்கும் ஏசி கன்டென்ஸரை அசைத்ததில் கேஸ் போயிருக்கலாம். அந்தச் சோதனைக்கு ஏசி மெக்கானிக்கிடம் போக வேண்டும், ஹீட்டரை அதற்கு மேல் நோண்ட வேண்டியதில்லை.